எலக்ட்ரிக் சைக்கிள்: அதியமான்கோட்டையிலிருந்து தர்மபுரிக்கு தினமும் சரிப்படுமா?

அதியமான்கோட்டைக்காரன்:

வீடு அதியமான்கோட்டை. வேலை தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில். போக ஏழெட்டு கிலோமீட்டர், வர ஏழெட்டு. இப்போது பைக்கில் போகிறேன், பெட்ரோலுக்கு மாதம் ஆயிரத்துக்கு மேல் ஓடிவிடுகிறது. எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கலாமா என்று யோசனை. "ஓசூர்லயும் போச்சம்பள்ளியிலயும் ஸ்கூட்டரே செய்யறாங்க, நீ போய் சைக்கிள் வாங்கறியே" என்று தம்பி சிரிக்கிறான். வாங்கி ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள். நிஜமாகவே பழக்கம் மாறியதா, இல்லை நாலு நாளில் மூலையில் சாத்திவிட்டீர்களா?

அவதானப்பட்டி ஜெராக்ஸ்:

இரண்டு வருஷமாக வைத்திருக்கிறேன். முதலில் கணக்கை முடித்துவிடுவோம். என்னுடையது 36 வோல்ட், 10 ஆம்பியர் பேட்டரி. காலியிலிருந்து முழுசாக ஏற்றினாலும் கரண்ட் அரை யூனிட்டைத் தாண்டாது. மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் சட்டப்படி அது மோட்டார் வாகனமே இல்லை. லைசென்ஸ், நம்பர் பிளேட் எதுவும் வேண்டாம். தம்பி சொல்கிற ஸ்கூட்டர் வேறு ரகம்.

வாங்கியது எனக்காக. என் ஜெராக்ஸ் கடை கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம். மூன்று மாதம் ஒழுங்காகப் போனேன். நெடுஞ்சாலையில் லாரி உரசிக்கொண்டு போகும்போது அடிக்கிற காற்றிலேயே ஹேண்டில்பார் ஆடும். சர்வீஸ் ரோடு இருக்கிற வரை நிம்மதி, அது முடிகிற இடத்தில் வயிற்றைக் கலக்கும். மழை பிடித்ததும் பைக்குக்கே திரும்பிவிட்டேன். இப்போது வாரத்தில் இரண்டு நாள் எடுத்தால் அதிகம்.

பழக்கம் மாறியது என் வீட்டுக்காரிக்கு. அவளுக்கு பைக் ஓட்ட வராது. பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவள், கல்யாணத்துக்கு அப்புறம் சைக்கிளைத் தொட்டதே இல்லை. பால் சொசைட்டிக்கு ஐந்து லிட்டர் கேனைக் கொண்டுபோக விடியற்காலையில் நான் எழ வேண்டும். ரேஷன் கடை, பாப்பாவின் டியூஷன், அவள் அம்மா வீடு, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பாள். நான் "அப்புறம்" என்பேன். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லைதான், ஆனால் பஸ் வர வேண்டுமே!

ஒருநாள் நான் தூங்கிக்கொண்டிருந்தபோது கேனைக் கேரியரில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். திரும்பி வந்து, "மேட்டுல கட்டைவிரலால அமுக்கினா அதுவா ஏறுதுங்க, பால் தளும்பவே இல்ல" என்றாள். அன்றோடு சாவி கைமாறியது. முன்பெல்லாம் நாலு வேலையைச் சேர்த்துவைத்து ஒரே நடையில் முடிப்பாள். இப்போது கொத்தமல்லிக்கு ஒரு நடை, மறந்துபோன இஞ்சிக்கு இன்னொரு நடை. காலால் நடப்பதே குறைந்துபோச்சு என்று அவளே குறைப்படுகிறாள். என் பெட்ரோல் செலவு பெரிதாகக் குறையவில்லை, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பாலக்கோடு தக்காளி:

நமக்கு எக்ஸெல்தான்ணா. மூணு பெட்டி தக்காளியை ஏத்திக்கிட்டு மண்டிக்குப் போக அந்த சைக்கிள் தாங்குமா? மச்சான் ஒண்ணு வாங்கினான். வழியில் சார்ஜ் தீர்ந்து, இருபது கிலோவுக்கு மேல் இருக்கிற சைக்கிளை மேட்டில் மிதித்து வீடு வந்து சேர்ந்தான். ரெண்டு நாள் பேச்சே இல்லை.

அதியமான்கோட்டைக்காரன்:

ஜெராக்ஸ் அண்ணா, நன்றி. பின்சக்கரத்தில் மோட்டார் இருக்கிறதே, பஞ்சரானால் நம்ம பக்கத்துக் கடையில் பார்ப்பார்களா?

அவதானப்பட்டி ஜெராக்ஸ்:

சாதாரண பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழட்டவே வேண்டாம். டயரை ஒரு பக்கம் நெம்பி, டியூபை வெளியே இழுத்து ஒட்டிவிடலாம். எங்கள் ஊர் பஞ்சர் கடைக்காரர் முதல் தடவை ஒயரைப் பார்த்ததும் "ஷாக் அடிக்குமா?" என்று கையை எடுத்துவிட்டார். பேட்டரியைக் கழட்டி அவர் கையிலேயே கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓரமாக வைத்துவிட்டு, அப்புறம்தான் டயரைத் தொட்டார். டியூபையே மாற்றுவதென்றால்தான் கொஞ்சம் வேலை. மோட்டார் ஒயரைப் பிரிக்க வேண்டும், வாஷர்களை இருந்த வரிசையிலேயே திரும்ப மாட்ட வேண்டும். கழட்டுவதற்கு முன் போனில் ஒரு போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் ஓட்டிவந்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள், நிழலில் வைத்து ஆறவிட்டுப் போடுங்கள்.

வாங்கும் முன் ஒரு காலை, கடைக்குப் போகிற அதே நேரத்தில், யாருடைய சாதா சைக்கிளையாவது வாங்கி அந்த ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். லாரி பக்கத்தில் போவது உங்களுக்குத் தாங்குமா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. சைக்கிள் கடைக்கு வீட்டில் இருப்பவர்களையும் கூட்டிப்போய் ஏறி உட்காரச் சொல்லுங்கள். நான் வாங்கியது நடுவில் பார் வைத்த மாடல். சேலையில் ஏற முடியாமல் அவள் சுடிதார் போட்டுக்கொண்டுதான் எடுக்கிறாள். சீட்டை அடிவரை இறக்கியும் கால் நுனிதான் தரையில் படுகிறது.