ரோசன்பேர்க் வினாக்கொத்து: அல்பா 0.41. பிழை எங்கே?

வாவிக்கரையான்:
அண்ணாமார், அக்காமார், மட்டக்களப்பு உயர்தர மாணவரின் ஆளுமை வகைக்கும் சுயமதிப்புக்கும் உள்ள தொடர்புதான் என்ட ஆய்வு. சுயமதிப்பை அளக்கும் ரோசன்பேர்க் அளவுகோலின் 10 கூற்றையும் தமிழாக்கி 30 பேரிடம் முன்னோட்டம் பார்த்தேன். கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பக் அல்பா 0.41தான் வருகிறது. மொழிபெயர்ப்பு பிழையா, புள்ளியிட்டது பிழையா? ஆளுமைக்கு மையர்ஸ்-பிரிக்ஸின் 16 வகையை எடுக்கலாமா?

கல்லடிப்பாலம்:
முதலில் புள்ளியைப் பாருங்க தம்பி. பத்தில் ஐந்து எதிர்மறைக் கூற்று. வழக்கமான வரிசையில் 2, 5, 6, 8, 9. இவற்றைத் திருப்பாமல் கூட்டினால் ஒன்றை ஒன்று வெட்டும், அல்பா விழும். 1–4 என்று பதிந்திருந்தால் 5இலிருந்து கழியுங்க. 0–3 என்றால் 3இலிருந்து. பழைய நிரலுக்கு மேலேயே எழுதாமல் புதிய நிரலில் போடுங்க. தெரியாமல் இரண்டாம் முறையும் திருப்பினால் பழையபடி ஆகிவிடும், கண்ணுக்கும் தெரியாது.

பிறகு ஒவ்வொரு கூற்றுக்கும் மற்றவற்றின் கூட்டுத்தொகைக்கும் உள்ள இணைபை, அதாவது இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவைப் பாருங்க. அது மறையாக நிற்கும் கூற்றுத்தான் பெரும்பாலும் திருப்பாமல் விட்டது. வரிசையை மாற்றியிருந்தால் இலக்கத்தை நம்பாமல் கூற்றை வாசித்துத் திருப்புங்க.

சாய்ந்தமருதுக்காரர்:
திருப்பிய பிறகும் அல்பா வழக்கமாக எதிர்பார்க்கும் 0.70ஐ எட்டாவிட்டால் தமிழைத்தான் பார்க்க வேண்டும். "நான் பெருமைப்பட அதிகம் இல்லை" என்று எழுதினீங்களா? எங்கட முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பெருமை என்றால் ஆணவம், பாவம். பெருமை இல்லை என்பது அவர்களுக்கு நல்ல குணம், தாழ்ந்த சுயமதிப்பு அல்ல. மற்ற ஊர்களிலும் "பெருமையடிக்கிறான்" என்றால் ஏச்சுத்தானே. "என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் பெரிதாக இல்லை" என்று வைத்தால் கருத்து நிற்கும்.

அதற்கு "உடன்பாடில்லை" என்று பதில் போடுவது இன்னொரு சிக்கல்: இல்லை என்பதற்கு இல்லை. பிள்ளைகள் தடுமாறுவார்கள். "எனக்குப் பொருந்தும் / பொருந்தாது" என்ற நான்கு படி இலகு. "உதவாதவன்" என்று எழுதினால் பெண் பிள்ளைகள் அந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். "உதவாத ஆள்" போதும். "என்மேல் எனக்கு இன்னும் மதிப்பு இருந்தால் நல்லது" என்ற 8ஆம் கூற்று உலகம் முழுக்கவே கரைச்சல் கொடுப்பது. 2005இல் வெளியான 53 நாட்டு ஒப்பீட்டிலும் அது சரிவரப் பொருந்தவில்லை. முன்னேற ஆசைப்படுகிற பிள்ளையும் அதற்கு "ஆம்" என்றுதான் போடும்.

இருவர் தனித்தனியே தமிழாக்கி, பேசி ஒன்றாக்குங்க. மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் திரும்ப ஆங்கிலமாக்கட்டும். பிறகு ஐந்தாறு மாணவரிடம் ஒவ்வொரு கூற்றையும் "உங்கட சொல்லில சொல்லுங்க" என்று கேளுங்க. பிழை அங்கேதான் பிடிபடும்.

ஒலுவில்_காற்று:
16 வகை வேண்டாம். மையர்ஸ்-பிரிக்ஸ் ஒவ்வொரு அளவிலும் ஒரு வெட்டுப்புள்ளியை வைத்து ஆளை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிக்கிறது. ஆனால் பெரும்பாலானோர் நடுவில்தான் நிற்கிறார்கள். சில வாரம் கழித்து ஒன்றிரண்டு விடை மாறினாலே ஆள் வேறு வகைக்குப் போய்விடுவார். காசும் அனுமதியும் வேறு. ஆளுமையின் ஐந்து பெரும் பண்புகளுக்கும் தலா 10 கூற்றுள்ள ஐ.பி.ஐ.பி. 50 என்ற வினாக்கொத்து எல்லாருக்கும் பொது, இலவசம். தொடர் புள்ளியாகவே வைத்து இணைபு பாருங்க. ஒன்றை மட்டும் கவனியுங்க: அந்த ஐந்தில் ஒன்றான மனப்பதற்றப் பண்பும் சுயமதிப்பும் கருத்தில் மேற்பொருந்துபவை. பலமான இணைபு வந்தால் அதைப் புதுக் கண்டுபிடிப்பென்று எழுத வேண்டாம்.

வாவிக்கரையான்:
திருப்பவே இல்லை! திருப்பியதும் 0.68. 30க்கு 15க்குக் கீழே எடுத்தவரைத் "தாழ்ந்த சுயமதிப்பு" என்று பிரிக்கலாமா?

கல்லடிப்பாலம்:
வேண்டாம். அந்த 15 இணையத்தில் சுற்றுகிற எண். நம்மட மாணவருக்கென்று நிறுவியதல்ல. சராசரியையும் நியம விலகலையும் கொடுங்க. 30 பேரில் எடுத்த அல்பா ஆடும், 0.68ஐப் பார்த்து அவசரப்பட்டுக் கூற்றுகளை வெட்டாதீங்க. பிரதான ஆய்வில் தாளில் பெயரோ சுட்டெண்ணோ கேட்க வேண்டாம். வகுப்பாசிரியர் வெளியே நிற்கட்டும், தாளைப் பிள்ளைகளே உறையில் போட்டு ஒட்டட்டும். சேர் வாசிப்பார் என்று நினைத்தால் எல்லாரும் நல்ல பிள்ளை விடைதான் போடுவார்கள்.