பழைய செயின் சோவின் சைலன்சர் திரும்பத் திரும்பக் கழன்று விடுகிறது – என்ன செய்யலாம்?

சாம்பல்தீவு மகன்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா பாவித்த செயின் சோ (மரம் அரிகிற மெஷின்) ஒன்று என்னிடம் இருக்கிறது. 60 சிசி, 20 வருடத்துக்கு மேல் பழசு. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் அடித்த மறுநாள் எங்கள் ஒழுங்கைக்குக் குறுக்கே பெரிய வேம்பு ஒன்று விழுந்து கிடந்தது. அப்பா இந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் மத்தியானத்துக்குள் வழி எடுத்துக் கொடுத்தார். இப்போது அவருக்கு முழங்கால் வருத்தம், குனிய முடியாது. சனி, ஞாயிறுகளில் நான்தான் வளவுகளுக்குப் போய் விழுந்த தென்னை, வேம்பு அரிந்து கொடுக்கிறேன். வேப்பங் கட்டைகள் பேக்கரிப் போறணைக்கும் போகின்றன.

பிரச்சினை சைலன்சரில். சிலிண்டரோடு அதைப் பிடித்திருப்பது இரண்டே இரண்டு 5 மி.மீ. அலன் போல்ட்கள். கீழே இருப்பது எப்போது பார்த்தாலும் இறுக்கமாக இருக்கும். மேலே இருப்பது இரண்டு நாள் வேலைக்குள் கழன்று விடும். முதலில் சத்தம் மாறும், படபடவென்று அடிக்கும். பிறகு இடது கை விரலில் சூடு தெரியும். போன கிழமை பார்த்தால் பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியின் ஓரம் உருகி வளைந்திருக்கிறது. அதற்குக் கீழேதான் பெற்றோல் டாங்கி. அதைப் பார்த்ததிலிருந்து மெஷினை இயக்கப் பயமாக இருக்கிறது.

ஸ்பிரிங் வொசர் போட்டேன். சிவப்பு சிலிக்கன் பூசினேன், ஒரே நாளில் கரிந்து தூளாகக் கொட்டியது. போல்ட் கழலாமல் பிடிக்கிற நீல நிற லொக்டைட் பசை போட்டேன், அதுவும் நிற்கவில்லை. கடைசியாக இறுக்கியபோது மேல் போல்ட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மரை போய்விட்டது போல. டவுனில் காட்டிய ஒரு கடையில் சைலன்சரை சிலிண்டரோடு வெல்டிங் பண்ணித் தரலாம் என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. இந்த மெஷின் இன்னும் சில வருடம் ஓட வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உவர்மலைக்காரன்:

வெல்டிங் வேண்டவே வேண்டாம். சிலிண்டர் அலுமினியம், சைலன்சர் இரும்புத் தகடு, இரண்டும் ஒட்டாது. நீல லொக்டைட் 150, 180 பாகைச் சூடு வரைக்கும்தான் தாங்கும், சைலன்சர் அதைத் தாண்டிப் போய்விடும். அதிக சூட்டுக்கான சிவப்பு நிற லொக்டைட்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

கிண்ணியா நானா:

தம்பி, சிவப்பும் அங்கே கனகாலம் நிற்காது. நான் 30 வருடமாக மரம் அரிகிற மெஷின்கள் திருத்துகிறேன். முதலில் ஒன்று, இது சரியாகும் வரை அந்த மெஷினை இயக்காதீர்கள். கச்சான் காற்று (வறண்ட காற்று) அடிக்கிற நாளில் காய்ந்த புல்லுக்குள் நின்று வேலை செய்கிறபோது, சைலன்சர் கழன்ற இடைவெளியால் ஒரு தீப்பொறி போனால் போதும்.

நீங்கள் கழலுகிற போல்ட்டையே பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் கழலாத போல்ட்டில். இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். பிறகு ஓர் ஈர்க்கை எடுத்துக் கீழ் ஓட்டைக்குள் அடி முட்டும் வரை விட்டு, நகத்தால் அடையாளம் பிடித்து வெளியே எடுங்கள். பல மெஷின்களில் அந்த ஓட்டை மறுபக்கம் திறந்திருக்காது. யாராவது முந்தி நீளமான போல்ட் போட்டிருந்தால் அது அடியில் முட்டி நின்றுவிடும். கைக்கு நல்ல இறுக்கம் மாதிரித் தெரியும், ஆனால் சைலன்சரைப் பிடித்திருக்காது. முழுப் பாரமும் மேல் போல்ட்டுக்குத்தான்.

அடுத்தது சைலன்சரின் வாய்ப் பட்டை, சிலிண்டரோடு பொருந்துகிற முகம். ஒரு பக்கம் மட்டும் இறுக்கி இறுக்கி அது வளைந்திருக்கும். யன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றில் அதைக் கவிழ்த்து வைத்துப் பின்னால் டோர்ச் அடியுங்கள். வெளிச்சம் தெரிந்தால் தட்டையில்லை. கண்ணாடி மேல் எமரி பேப்பரை ஒட்டி, எட்டுப் போடுகிற மாதிரி தேயுங்கள், முகம் முழுக்க ஒரே மினுக்கம் வரும் வரைக்கும்.

சிலிண்டர் பக்கம் கை வைக்க முதல் கயிற்றை மெதுவாக இழுத்து, சிலிண்டரில் புகை வெளியேறுகிற வாயை பிஸ்டன் மூடுகிற இடத்தில் நிறுத்துங்கள். மேலே கிறீஸ் பூசிய துணி ஒன்றை அடைத்து வையுங்கள். ஒரு அலுமினியத் துகள் உள்ளே போனால் பிஸ்டன் கீறிவிடும். துணி வைக்க முதல் பிஸ்டனின் பக்கத்தையும் பாருங்கள். மேலிருந்து கீழே கோடு கோடாக இழுபட்டிருந்தால் சைலன்சருக்குக் காசு செலவழிக்க முன் என்னிடம் ஒருக்கால் கொண்டு வாருங்கள்.

ஸ்பிரிங் வொசர் அந்தச் சூட்டில் வில்லை இழந்துவிடும். அலுமினியம் இரும்பை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒவ்வொரு முறையும் சூடாகி ஆறும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி விடும். தகடு மடித்துப் பூட்டுகிற வொசர் இருக்கிறது, அதைப் போடுங்கள். மேல் ஓட்டையை 6 மி.மீ. ஆக்கினால் மரைப் பிரச்சினையும் முடியும்.

லேத் பட்டறை, என்.சி. வீதி:

நானா சொன்னது எல்லாம் சரி, 6 மி.மீ. மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அந்த இடத்தில் சிலிண்டரின் சுவர் மெல்லியது. பெருப்பித்த பிறகு வெடித்தால் சிலிண்டரே போய்விடும். சைலன்சர் ஓட்டையையும் பெருப்பிக்க வேண்டி வரும். ஹெலிகொயில் போடுங்கள். துருப்பிடிக்காத கம்பிச் சுருள், அதற்குரிய டப்பால் மரை வெட்டி உள்ளே ஏற்றுவோம், பழைய 5 மி.மீ. போல்ட்டே வரும். வெறும் அலுமினிய மரையை விட இது பலம். ஓட்டை நேராக விழ வேண்டும், கை டிரில்லில் செய்யாதீர்கள். சிலிண்டரைக் கழற்றிக் கொண்டு வந்தால் துகள் பயமும் இல்லை.

கிண்ணியா நானா:

சரி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள் தம்பி. நான் 6 மி.மீ. போட்டதெல்லாம் பெரிய மெஷின்கள், அவற்றில் சதை இருந்தது, சுவர் தடிப்பு.

சாம்பல்தீவு மகன்:

நானா, நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது. மேல் போல்ட்டை விடக் கீழ் போல்ட் 4 மி.மீ. நீளம். ஈர்க்கு வைத்துப் பார்த்தேன், போல்ட் முழுதாக இறங்க முன்பே அடியில் முட்டியிருக்கிறது. அப்பாவிடம் கேட்டேன். முந்தி ஒருமுறை போல்ட் ஒன்று விழுந்தபோது கையில் கிடைத்ததைப் போட்டதாக ஞாபகம் இருக்கிறது என்றார். சைலன்சருக்கும் சிலிண்டருக்கும் இடையில் போடுகிற பழைய கஸ்கட்டைச் சுரண்டியபோது ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு இருந்தன. கண்ணாடியில் வைத்தால் மேல் மூலையில் கடதாசி இரண்டாக மடித்துப் போகிற அளவு இடைவெளி.

பிஸ்டனில் கோடு இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சிலிண்டரைக் கழற்றி என்.சி. வீதிக்குக் கொண்டு போனேன், அண்ணா அரை மணித்தியாலத்தில் சுருள் ஏற்றித் தந்தார். சைலன்சரின் வாயை ஒரு பின்னேரம் முழுக்க இருந்து தேய்த்தேன். உள்ளே இருந்த, தீப்பொறியைத் தடுக்கிற வலையில் கரி அடைத்திருந்தது, கம்பித் தூரிகையால் சுத்தமாக்கித் திரும்பவும் போட்டேன். சிலிண்டர் அடிக் கஸ்கட்டும் சைலன்சர் கஸ்கட்டும் புதுசு. சைலன்சருக்கு ஒன்றுதான் போட்டேன். இரண்டு போல்ட்டும் ஒரே நீளம், பூட்டுத் தகடும் இருக்கிறது.

பத்து நிமிடம் ஓட விட்டு, முழுக்க ஆறிய பிறகு இறுக்கிப் பார்த்தேன், கால் சுற்றுக்கும் குறைவாக ஏறியது. அதற்குப் பிறகுதான் தகட்டை மடித்தேன். நேற்று நிலாவெளியில் ஒரு வளவில் மூன்று டாங்கி பெற்றோல் முடியும் வரை அரிந்தேன். போல்ட் தலையிலும் சைலன்சரிலும் சேர்த்துக் கீறி வைத்த கோடு இரண்டு இடத்திலும் நேராகவே நிற்கிறது. உருகிய மூடிக்குப் பழையது ஒன்று யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.

கிண்ணியா நானா:

என்னிடம் கழித்த மெஷின்கள் நாலைந்து கிடக்கின்றன. உங்கள் மூடியின் உள்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.