கன்று போட 20 நாள்தான் இருக்கு, தீவனம் பற்றி உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு ராமநாதபுரம் மாவட்டம், உச்சிப்புளி பக்கம். ஜெர்சி கலப்புப் பசு, மூன்றாம் ஈற்று. சினை ஊசி போட்டு 260 நாள் ஆகிறது.

போன ஈற்றில் கன்று போட்ட மறுநாள் எழவே முடியவில்லை. கழுத்தை விலாப் பக்கம் மடித்துப் படுத்துவிட்டது. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. பால் காய்ச்சல் (ஈன்றதும் ரத்தத்தில் கால்சியம் குறைவது) என்று டாக்டர் நரம்பில் கால்சியம் ஏற்றினார், ஒரு மணி நேரத்தில் எழுந்து நின்றது. அந்தக் காலைப் பொழுது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சினை மாட்டுக்கு நல்லது என்று அப்போது தினமும் அகத்தியும் கால்சியம் டானிக்கும் கொடுத்தேன். ஈனும் முன் கால்சியம் அதிகமானால் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் வேலையை உடம்பு மறந்துவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போது இரண்டையும் நிறுத்தி, வைக்கோல், சோளத்தட்டை, ஒரு கிலோ அடர்தீவனம் வைக்கிறேன்.

அடர்தீவனத்தை எப்படிக் கூட்டுவது, கன்று போடும் நாளுக்குள் எவ்வளவு வரை? எங்கள் கிணற்றுத் தண்ணீரே உப்பு, தவிட்டுத் தண்ணியில் இன்னும் உப்பு போடலாமா? மடி இப்போதே வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. ஈன்றதும் வாய்வழி கால்சியம் எத்தனை வேளை?

மண்டபம், தேவிபட்டினம் பக்கம் உப்புத் தண்ணீரில் மாடு வளர்ப்பவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.