மறுமொழி: குடும்ப மருத்துவ வரலாறா, கொடிவழி நலவிவரமா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவரிடம் "உங்கள் ரத்த உறவில் யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது" என்று கேட்டு எழுதிவைக்கிறோமே, அந்தப் பக்கத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று சில நாளாகப் பேசிவருகிறோம். குடும்ப மருத்துவ வரலாறு, பரம்பரை நோய்க்குறிப்பு, குடும்ப நோய்ச்சுவடு என்று மூன்று சொற்கள் மிஞ்சியிருக்கின்றன. மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடைப்பட்ட ஊர்களில் வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள் நான். அந்தப் பக்கத்தின் தலைப்பைப் பார்த்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் என்ன கேள்வி கேட்பார்கள் என்பதை வைத்துத்தான் நான் சொல்லை எடைபோடுவேன்.

> குடும்பம் எல்லாருக்கும் தெரிந்த சொல். அதை ஏன் மாற்ற வேண்டும்?

கும்பகோணத்து ஐயா எழுதிய இந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். ஐயா, எல்லாருக்கும் தெரிந்த சொல் என்பதால்தான் சிக்கல் வருகிறது. நம் பக்கத்தில் குடும்பம் என்றால் ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறவர்கள், ஓர் அடுப்பில் சாப்பிடுகிறவர்கள். கல்யாணமான பெண்ணிடம் "உங்க குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை, பிரஷர் இருக்கா?" என்று கேட்டால் மாமியாரையும் வீட்டுக்காரரையும்தான் சொல்வார். மருத்துவம் கேட்பது அவர் பிறந்த வீட்டை. அவர் பதில் சொல்வது புகுந்த வீட்டுக்கு.

குறுவை நடவு சமயத்தில் ஒரு வீட்டுக்குத் தன்னார்வலருடன் போயிருந்தேன். அந்த அம்மாவுக்கு 42 வயது. கேள்வி கேட்டதும் பதில் வந்தது: "மாமியாருக்குச் சர்க்கரை. கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்குது. வேற யாருக்கும் ஒண்ணுமில்ல." தன்னார்வலர் 'ஆம்' கட்டத்தில் டிக் அடித்துவிட்டார். "பொறந்த வீடு எங்கம்மா?" என்று நான் கேட்டேன். நன்னிலம் பக்கமாம். அப்பா? "அவரு போயி ரொம்ப நாளாச்சு. சுனாமி வந்துச்சே, அதுக்கு அடுத்த மாசம். களத்துல நெல்லு தூத்திக்கிட்டிருந்தவரு நெஞ்ச அடைக்குதுன்னு உக்காந்தாரு, அவ்ளோதான். வாய்வுன்னுதான் நெனச்சோம்." வயது? "அம்பதுகூட ஆகல." கூடப் பிறந்தவர்கள்? "அண்ணனுக்குப் போன ஆடியில தஞ்சாவூர்ல ஸ்டென்ட் வச்சாங்க." அண்ணனும் ஐம்பதைத் தொடவில்லை.

அப்பா, அண்ணன், தம்பி, மகன் ஆகியோரில் ஒருவருக்கு 55 வயதுக்கு முன்போ, அம்மா, அக்கா, தங்கை, மகள் ஆகியோரில் ஒருவருக்கு 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால், அவர்களின் ரத்த உறவுக்காரருக்கும் ஆபத்து கூடுதல் என்று கணக்கில் எடுக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு அப்படி இரண்டு பேர். கொழுப்பும் ரத்த அழுத்தமும் உடனே பார்க்கப்பட வேண்டியவர் அவர். படிவத்தில் 'ஆம்' என்று விழுந்ததென்னவோ சரிதான், ஆனால் ரத்த சம்பந்தமில்லாத மாமியாரின் சர்க்கரைக்காக விழுந்தது. அப்பாவின் நெஞ்சடைப்பு எங்கும் பதிவாகவில்லை. மாமியாருக்கும் ஒன்றுமில்லை என்றிருந்தால் 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்போம்.

இது சின்ன விஷயமில்லை. நாடு முழுக்க வீடு வீடாகப் போகும் ஆஷா சுகாதாரப் பணியாளர்கள் நிரப்பும் சரிபார்ப்புப் பட்டியலில், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ ரத்த அழுத்தம், நீரிழிவு, இதயநோய் இருந்தால் 2 மதிப்பெண். மொத்தம் 4-ஐத் தாண்டினால் முதலில் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சென்னையில் உருவாகி 2005-இல் வெளியான இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணில் பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. அதில் 60-ஐத் தொட்டாலே அபாயம் அதிகம். பிறந்த வீட்டைக் கேட்காமல் போடும் மதிப்பெண்ணால் யாருக்கும் பயனில்லை.

சரி, 'பரம்பரை'க்கு வருகிறேன். இந்தச் சொல்லை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். வீட்டில் பெண் கல்யாணத்துக்கு இருக்கும்போது "உங்க பரம்பரையில ஏதாவது நோய் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "எங்க பரம்பரையில அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்று முகம் இறுகிவிடும். யாருக்காவது வலிப்பு, மனநோய் இருந்தால் அது வெளியே வரவே வராது. இன்னொரு கெடுதலும் உண்டு. "பரம்பரையா வர்றது, நாம என்ன பண்ண முடியும்?" என்று கையை விரித்துவிடுவார்கள். செய்யக்கூடியது நிறைய இருக்கிறது என்பதற்காகத்தானே இந்தக் கேள்வியே? அப்பாவுக்குச் சர்க்கரை என்றால் மகன் முப்பதிலேயே பரிசோதித்துக்கொள்ளலாம், இடுப்புச் சுற்றளவைக் குறைக்கலாம். அண்ணனுக்கு 45 வயதில் பெருங்குடல் புற்றுநோய் என்றால், தம்பி தங்கைகள் அதற்குப் பத்து வருடம் முன்பாகவே, 35-இலேயே, குடல் பரிசோதனையைத் தொடங்க வேண்டும். அது மட்டுமல்ல, ஒரு வீட்டில் வழிவழியாக வருவது மரபணு மட்டும் இல்லை. உப்பும் எண்ணெயும் புகையிலையும்கூட வருகின்றன. 'பரம்பரை' இதையெல்லாம் மறைத்துவிடுகிறது.

'நோய்க்குறிப்பு' வேண்டாம், 'நோய்க்குறி'யோடு குழம்பும். நோய்ச்சுவடு கவிதைக்கு நல்ல சொல், படிவத்துக்கு ஆகாது. 'வரலாறு' பாடநூல்களில் இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் முன்வைக்கும் சொல் கொடிவழி நலவிவரம்.

யாழ்ப்பாணத்து அம்மா ஏற்கெனவே 'கொடிவழி'யைத் தொட்டுவிட்டு, "அது அரசர்களுக்கு உரியதாகத் தெரிகிறதோ" என்று தயங்கியிருந்தார். சோழர் கொடிவழி என்று படித்தவர்களுக்கு அப்படித் தோன்றலாம். ஆனால் 'தொப்புள்கொடி உறவு' நம் ஊர்ப் பேச்சில் எல்லார் வாயிலும் இருக்கிறது. 'கொடிவழின்னா என்ன?' என்று பயிற்சியில் கேட்டபோது எழுத்துக்கூட்டி வாசிக்கும் பெண்களும், "தொப்புள்கொடி வழியா வர்ற சொந்தம்" என்று அவர்களாகவே சொன்னார்கள். வீட்டுக்காரர், மாமியார், நாத்தனார் எல்லாரும் அந்தச் சொல்லிலேயே வெளியே நின்றுவிடுகிறார்கள். தாய்வழியும் தந்தைவழியும் சமமாக உள்ளே வருகின்றன. 'குலம்', 'வம்சம்' என்றால் பங்காளிகளோடு நின்றுவிடும். மார்பகப் புற்றுநோய்க்கோ இதற்கு நேர்மாறு. அம்மா வழியில் மட்டும்தான் வரும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். அந்த ஆபத்தைக் கூட்டும் மரபணு மாற்றம் அப்பாவிடமிருந்தும் அதே அளவு வாய்ப்போடு மகளுக்கு வரும். அதனால் அப்பாவின் அக்கா தங்கைகளைக் கேட்டே ஆக வேண்டும்.

'நலவிவரம்' ஏன் என்றால், "எங்கப்பா எண்பது வயசுவரைக்கும் மாத்திரையே போட்டதில்ல" என்பதும் மருத்துவருக்குத் தேவையான விவரம். அப்புறம், "விவரம் எடுக்க வந்திருக்காங்க" என்றால் எந்த வீட்டிலும் பதறமாட்டார்கள்.

இனி உறவுப்பெயர்கள். இங்கே நம் மொழி வேலையில் பாதியை முடித்துக்கொடுக்கிறது. சித்தப்பாவா மாமாவா என்று சொன்னாலே எந்த வழி என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் பள்ளங்களும் உண்டு. 'அத்தை' அப்பா கூடப் பிறந்தவராக இருக்கலாம், மாமாவின் மனைவியாக இருக்கலாம், மாமியாராகவும் இருக்கலாம். 'அண்ணன்' பெரியப்பா மகனாகவும் இருப்பார். அதனால் ஒவ்வோர் உறவுக்கும் "கூடப் பிறந்தவரா?" என்ற துணைக்கேள்வி படிவத்திலேயே அச்சாக வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளை 'முதற்படி உறவு' என்றும், தாத்தா பாட்டி, பெற்றோருடன் பிறந்தவர்களை 'இரண்டாம்படி உறவு' என்றும் சொல்லலாம். முதற்படியில் மரபணு ஏறக்குறைய பாதி பொது, இரண்டாம்படியில் கால் பங்கு.

சொந்தத்தில் கல்யாணம் செய்த வீடுகளில் மேலே நான் சொன்னதெல்லாம் தலைகீழாகும். அக்கா மகளைக் கட்டிய வீட்டில் மாமியாரே அந்தப் பெண்ணின் அம்மாச்சி. அங்கே மாமியாரின் சர்க்கரையும் கொடிவழிக் கணக்கில் சேரும். தலசீமியா போன்ற ரத்தக்கோளாற்றைக் கணவன் மனைவி இருவருமே வெளித்தெரியாமல் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. ஆகவே "சொந்தத்தில் கல்யாணமா, என்ன முறை?" என்பதைப் படிவத்தின் முதல் கேள்வியாக வைக்கச் சொல்கிறேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் போட்டு வரையும் படத்தைக் 'கொடிவழிப் படம்' என்றே சொல்லிவிடலாம். அதில் சொந்தத்தில் கட்டியவர்களுக்கு இரட்டைக்கோடு.

வயதைக் கேட்பதுதான் இருப்பதிலேயே கடினம். நேராகக் கேட்டால் "வயசானவருதான்" என்பார்கள். 1977 புயலுக்கு முன்பா பின்பா, சுனாமிக்கு எத்தனை வருடம் முன்பு, கஜா அடித்தபோது இருந்தாரா என்று கேட்டால் பதில் டக்கென்று வரும். கஜா 2018 நவம்பர். அதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். 'நோய் தொடங்கிய வயது' என்பதைவிட 'நோய் கண்ட வயது' நம் வாய்க்கு வரும். காய்ச்சல் கண்டது என்றுதானே சொல்கிறோம்.

இப்படிக் கேட்பதால் உயிர் காப்பாற்றப்படுகிறதா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 2009-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு, சான்று இன்னும் போதவில்லை என்றே சொன்னது. பிரிட்டனில் பொது மருத்துவர்களிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், முறையாகக் கேட்டு எழுதியபோது இதயநோய் ஆபத்து அதிகம் உள்ளவர்கள் கூடுதலாக அடையாளம் தெரிந்தார்கள். நம் ஊருக்கு எனக்கு அதுவே போதும். ஒரு பேனாவும் கொஞ்சம் பொறுமையும் தவிர இதற்குச் செலவும் இல்லை. அமெரிக்காவில் 2004 முதல் நன்றி நாள் (தேங்க்ஸ்கிவிங்) பண்டிகைக்கு வீட்டார் கூடும்போது இதைப் பேசச் சொல்கிறார்கள். நமக்குக் கல்யாணமும் கருமாதியும்தான் சரி, இரண்டு வழிக்காரர்களும் அங்கேதான் ஒன்றாக உட்காருகிறார்கள்.

படிவ வாசகத்தை இப்படி வரைந்திருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

"கொடிவழி நலவிவரம். சொந்தத்தில் கல்யாணமா? என்ன முறை? நீங்கள் பிறந்த வீட்டில் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், பிறகு உங்கள் பிள்ளைகள்: யாருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய்? கண்ட வயது? இறந்தவர் என்றால் எப்படி, எந்த வயதில்?"

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. இளைய தாரத்துப் பிள்ளைகளை, அதாவது அப்பா ஒருவராய் அம்மா வேறாய் இருக்கும் உடன்பிறப்புகளை, மனம் நோகாமல் குறிக்க உங்கள் ஊரில் என்ன சொல் இருக்கிறது? நாகூர், கூத்தாநல்லூர் நண்பர்கள் உங்கள் வீட்டு உறவுப்பெயர்களையும் சேர்த்து எழுதினால் பயிற்சிக் கையேட்டில் போட்டுவிடுகிறேன்.