ஞாயிறு பாடசாலையில் படித்த பிள்ளைகள்: பத்து வருடம் கழித்து என்ன மிஞ்சுகிறது? (அனுபவப் பகிர்வு)

வெள்ளவத்தை ஆசிரியை:
கலியாண அறிவித்தல் கொடுக்க வந்த ஒரு பெடியன். ஞாயிறு பாடசாலையில் வருடாவருடம் மனன வசனப் பரிசு எடுத்தவன். போதகர் கதையோடு கதையாக, "தனிய இருந்து கடைசியா எப்ப தம்பி ஜெபிச்சீர்?" என்று கேட்டார். அவன் 23ஆம் சங்கீதத்தை முதல் வசனத்திலிருந்து ஒப்புவிக்கத் தொடங்கிவிட்டான். கேட்டது வேறு என்பது அவனுக்கு விளங்கவே இல்லை. வரவு இடாப்பு, பரிசுப் பட்டியல், ஒளிவிழா நாடகம் எல்லாம் அந்தந்த வருடத்தைத்தான் காட்டும். பிறகு நிலைத்தது என்ன என்று உங்கள் சபைகளில் எப்படிப் பார்க்கிறீர்கள்?

கொட்டாஞ்சேனை விபிஎஸ்:
விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) முடிந்த அடுத்த நாள் ஒரு சைவத் தாய் வாசலில் வந்து நின்றா. "மிஸ், எங்கட பிள்ளை கை உயர்த்தினவளாம். அது என்னத்துக்கு?" பிள்ளையைக் கேட்டால், பக்கத்தில் இருந்த அக்கா உயர்த்தினாவாம். அறிக்கையில் அந்தக் கையும் இயேசுவை ஏற்றுக்கொண்ட ஒரு 'தீர்மானம்'. ஒரே பிள்ளை மூன்று ஓகஸ்ட் விடுமுறையிலும் உயர்த்தினால் மூன்று தீர்மானம் ஆகிவிடும். கூட்டத்தில் கை எண்ணுவதை விடுங்கள். வேறு சமய வீட்டுப் பிள்ளை என்றால் முதல் நாளே பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். வேதக் கதையும் ஜெபமும் இருக்கும் என்று அதில் வெளிப்படையாகப் போடுங்கள்.

தெஹிவளை கண்காணிப்பாளர்:
ஆசிரியை, மனன வசனத்தை அவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள். எட்டாம் வகுப்போடு நின்றுபோன ஒருத்தி ஆஸ்பத்திரி வாட்டில் காய்ச்சல்காரப் பிள்ளையின் காதில் ஏசாயா 43:2ஐச் சொல்லிக்கொண்டிருந்தாள். "தண்ணீர்களைக் கடக்கும்போது" என்ற இடத்தில் குரல் உடைந்து, திரும்பவும் முதலில் இருந்து சொன்னாள். இடாப்பில் அவள் பெயருக்கு எதிரே 'விலகியவர்' என்று இருக்கிறது.

பார்க்கிற முறையைச் சொல்கிறேன். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்திய அனுமதி இடாப்பை எடுங்கள். இப்போது கோயிலில் காண்கிறவர்களிடமிருந்து தொடங்கினால் முடிவு முன்னமே தீர்ந்துபோகும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குறி: இங்கேயே, வேறு சபை, வெளிநாடு, விட்டவர், தெரியாது. கொழும்பில் இந்தப் பிரிப்பு இல்லாவிட்டால் டொரொண்டோவிலும் லண்டனிலும் ஒழுங்காகக் கோயிலுக்குப் போகிறவர்களெல்லாம் இழந்த கணக்கில் விழுவார்கள். 'தெரியாது' என்பதை 'விட்டவர்' பக்கம் தள்ளவும் கூடாது, அழித்துவிடவும் கூடாது. சுலபமாகத் தேடிப் பிடிக்கக்கூடியவர்கள் இன்னும் தொடர்பில் உள்ளவர்கள்தான். அவர்களை மட்டும் கணக்கெடுத்தால் விகிதம் பொய்யாக உயரும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 'தெரியாது' என்றால் விகிதமே போடாதீர்கள்.

அடுத்தது வீடு. 2 தீமோத்தேயு 1:5இல் பவுல் சொல்கிற விசுவாசம் தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் முதலில் இருந்தது. பெற்றோர் கோயிலுக்கு வருகிற பிள்ளைகளையும் வராத பிள்ளைகளையும் இரண்டாகப் பிரிக்காமல், வீடு செய்த வேலைக்கு நாம் பெயர் எடுக்கக்கூடாது. வராத வீட்டுப் பிள்ளைகளிடம் மிஞ்சியதில்தான் ஞாயிறு பாடசாலையின் பங்கு ஓரளவு தெரியும்.

இவர்களோடு பேசப்போவது போதகரோ பழைய ஆசிரியரோ ஆக இருக்கக் கூடாது, அவர்களுக்குப் பிடித்த பதில்தான் வரும். அதே வயதுக்காரர் ஒருவரை விடுங்கள். "பிரயோசனமாக இருந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்பார்கள். "கடைசியாக ஒரு கஷ்டம் வந்தபோது யாரிடம் போனீர்கள்?", "அங்கே கேட்டதில் எதை இப்போது நம்ப முடியவில்லை?", "ஓ/எல் (சாதாரணதரப் பரீட்சை) நேரம் வராமல் விட்டபோது யார் தேடி வந்தார்கள்?" இந்த மூன்றும் போதும். வகுப்பு வாரியாக வரவைப் போட்டுப் பாருங்கள். புலமைப்பரிசில் வருடமும் ஓ/எல் வருடமும் சரியும், ஞாயிறு காலையிலேயே டியூசன். முதல் சரிவுக்குப் பிறகு பலர் திரும்புவார்கள். இரண்டாவதற்குப் பிறகு திரும்புகிறவர்களைத் தேடிப் போன ஒரு மனிதர் கட்டாயம் இருந்திருப்பார்.

முகத்துவாரம் மறையாசிரியர்:
கத்தோலிக்கப் பக்கம் உறுதிபூசுதல் என்ற அருட்சாதனம் முடிந்ததும்தான் அந்தச் சரிவு. இன்னொன்றையும் சேருங்கள், மொழி. இன்டர்நெஷனல் ஸ்கூல் பிள்ளை ஒன்று தமிழ்ச் செபத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பிழையில்லாமல் வாசித்தது. 'கிருபை' என்றால் என்ன என்று கேட்டேன், கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. லூக்கா 15இல் இளைய மகனின் கதையை எந்த மொழியிலாவது சொந்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். தகப்பன் ஓடி வந்த இடம் வராவிட்டால் பாடம் போய்ச் சேரவில்லை.

வெள்ளவத்தை ஆசிரியை:
நன்றி கண்காணிப்பாளர் அண்ணா. 'வேறு சபை' என்று குறிக்க அவர்கள் வாயால் சொன்னால் போதுமா, அந்தச் சபையையும் கேட்க வேண்டுமா?

தெஹிவளை கண்காணிப்பாளர்:
சொன்னால் போதும். சபையைக் கேட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும், அடுத்த ஆள் வாய் திறக்கமாட்டார்.