அறுபதாம் கல்யாண மளிகை (குடும்ப சாட் குரூப்)

கீதா: மளிகை வந்துவிட்டது. பெரியப்பாவுக்கு பிரஷர் இருக்கே என்று சோடியம் குறைந்த உப்பாகப் பத்து கிலோ சொன்னேன்.

சரசு அத்தை: நல்ல காரியம் கண்ணு

மணி மாமா: பாக்கெட்டின் பின்பக்கம் பார். உணவில் சேர்க்கும் பொருளின் நம்பர், ஐ.என்.எஸ். 508 என்று இருக்கிறதா?

கீதா: இருக்கு மாமா

பாபு: ஆரம்பித்தாச்சு கெமிஸ்ட்ரி கிளாஸ்

மணி மாமா: அது பொட்டாசியம் குளோரைடு. சாதா உப்பில் ஒரு பங்கை எடுத்துவிட்டு இதைக் கலப்பார்கள். விஷம் இல்லை. சீனாவில் 600 கிராமங்களில் கால் பங்கு இது கலந்த உப்பைச் சோதித்தார்கள். 2021இல் முடிவு வந்தது, பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. வயது வந்தவர்கள் வீட்டு உப்பை இதற்கு மாற்றலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2025இல் சொன்னது. ஆனால் கர்ப்பிணி, குழந்தை, கிட்னி கோளாறு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது. கிட்னி வெளியேற்றாவிட்டால் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். பந்தியில் 300 பேர். யாருக்கு என்ன இருக்கிறதோ!

ராஜு சித்தப்பா: கிட்னி டெஸ்டில் என் கிரியாட்டினின் 2.4, அதிகம்

சரசு அத்தை: ஐயோ

பெரியம்மா: இவர் பிரஷருக்கு டெல்மிசார்ட்டன் மாத்திரை போடுகிறாரே?

மணி மாமா: அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம் அண்ணி.

சரசு அத்தை: இந்துப்பு வாங்கலாமே. இயற்கை.

மணி மாமா: சரசு, அதுவும் சோடியம் குளோரைடுதான். கலர் வேறு, விலை கூட.

பாபு: ரெண்டு பேரும் ஒரே ஹாலில்தானே உட்கார்ந்திருக்கீங்க?

சரசு அத்தை: எல்லாம் தெரிந்தவர்தான். சுமதி கல்யாணத்தில் சாம்பார் கரித்தபோது எங்கே போனார் என்று கேள்

மணி மாமா: அந்தச் சமையல்காரரைப் பிடித்தது உன் தங்கை

பெரியம்மா: அதை விடுங்கள்

பாபு: வாசலில் கொடுக்க இளநீர் 200 சொல்லியிருக்கேன். அதிலும் பொட்டாசியம்தானே?

ராஜு சித்தப்பா: எனக்கு டாக்டர் அதை நிறுத்தி ஒரு வருஷம் ஆச்சு

சரசு அத்தை: மோர் வை

பாபு: மோருக்கு எந்த உப்பு?

கீதா: சமையல்கார அண்ணன் போன் செய்தார். கல்லுப்பு அவரே கொண்டு வருவாராம். இந்த உப்பில் கைக்கணக்கு வராதாம், லேசாகக் கசக்குமாம்.

மணி மாமா: கசக்கும். சரியாகத்தான் சொல்கிறார்.

பெரியம்மா: அப்போ எல்லாவற்றையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு

கீதா: ஒரு பாக்கெட் பிரித்து நார்த்தங்காய் போட்டுட்டேன் பெரியம்மா

ராஜு சித்தப்பா: நேற்று எனக்குக் கொடுத்தனுப்பினாயே, அதுவா?

கீதா: அது பழைய ஜாடி சித்தப்பா. பழைய ஜாடிதான் என்று நினைக்கிறேன். அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன்.

பாபு: இளநீர்க்காரர் லைனில் இருக்கார். வேணுமா வேண்டாமா?