முகவாதத்துக்குச் சீன ஊசி: மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகலாமா?

ஈசூன் முத்து:

என் மனைவிக்கு 44 வயது. சர்க்கரை நோய் உண்டு. செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கி வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலது கடைவாயில் ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் வாய் இடப்பக்கம் இழுத்திருந்தது, வலக்கண் மூடவில்லை. பக்கவாதமோ என்று பதறி அவசரப் பிரிவுக்கு ஓடினோம். நெற்றியைச் சுருக்கச் சொன்னார்கள். வலப்பக்கம் ஒரு கோடுகூட விழவில்லை. மூளையில் அடைப்பு என்றால் நெற்றி பெரும்பாலும் தப்பிவிடும், இது முக நரம்பிலேயே வந்த பெல் வாதம் என்று சொல்லி, பத்து நாளுக்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்தார்கள்.

மாத்திரை தொடங்கிய மறுநாளே, வழக்கமாகச் சிங்கப்பூர்க் கணக்கில் 8 காட்டும் சர்க்கரை 15 ஆகிவிட்டது. இந்தியக் கணக்கில் 270. எதிர்வீட்டுச் சீனப் பாட்டி, "இது காற்று புகுந்த நோய். மாத்திரையை விடு, அக்குபங்சர் ஊசி வைத்தியரிடம் கூட்டிப் போ" என்று இரண்டு நாளாகச் சொல்கிறார். அவர் எங்கள் மேல் உண்மையான அன்பு உள்ளவர். இன்று மூன்றாம் நாள். என்ன செய்வது?

செங்காங் மலர்:

அண்ணா, பாட்டி சொல்வதைக் கேளுங்கள். 2016இல் என் அப்பாவுக்கு இதே நோய். சீன மருத்துவரிடம் பதினெட்டு முறை ஊசி வைத்துக்கொண்டார். மூன்றாவது வாரம் கண் மூடியது, ஒன்றரை மாதத்தில் பழைய சிரிப்பு வந்துவிட்டது. இன்று பார்த்தால் எந்தப் பக்கம் வந்தது என்றே தெரியாது.

சீனர்களுக்கு இது புதிய நோய் இல்லை. ஈராயிரம் ஆண்டுப் பழைமையான லிங்ஷு என்ற சீன மருத்துவ நூலிலேயே வாய் கோணுவதற்கு வைத்தியம் இருக்கிறது: இறுகிய பக்கம் குதிரைக் கொழுப்பு, தளர்ந்த பக்கம் மதுவில் குழைத்த இலவங்கப்பட்டை. யாங் தான் என்பவர் 1178இல் தொகுத்த மருந்துக் குறிப்பில் இதற்கென்றே ஒரு தூள் இருக்கிறது. 'சியேன் செங் சான்' என்று பெயர். கோணியதை இழுத்து நேராக்குவது என்று பொருள். பயனில்லாத ஒன்றை 800 ஆண்டுகளுக்கு மேல் மக்கள் கைவிடாமல் வைத்திருப்பார்களா?

மருந்தியல் ஆசிரியை:

முத்து, முதலில் உங்களுக்கு. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை ஏறியதை இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்; இந்தப் பத்து நாளுக்குச் சர்க்கரை மருந்தைக் கூட்டித் தருவது அவர்களுக்கு வழக்கமான வேலை. இரவில் கண்ணுக்குக் களிம்பு போட்டு, இமையை மூடி ஒட்டுங்கள். மூடாத கண்ணில் கருவிழி உலர்ந்து புண்ணாகிவிட்டால், முகம் சரியான பிறகும் பார்வை சரியாகாமல் போகலாம்.

ஏன் இவ்வளவு அவசரம்? முக நரம்பு காதை ஒட்டிய எலும்புக்குள் ஒரு குறுகிய குழாய் வழியாக வருகிறது. நரம்பு வீங்கினால் விலக இடமில்லை. எலும்பே அதை நெரிக்கிறது. அந்த வீக்கத்தைக் குறைக்கத்தான் ஸ்டீராய்டு. நோய் தொடங்கி 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அதன் பலன் நிரூபிக்கப்பட்டிருக்கிறது. 2007இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில், பிரெட்னிசோலோன் எடுத்தவர்களில் 83 சதவீதத்தினர் மூன்றே மாதத்தில் முழுமையாகக் குணமானார்கள். எடுக்காதவர்களில் 63.6 சதவீதம். ஒன்பதாம் மாதத்தில் 94.4, 81.6.

மலர், உங்கள் அப்பா குணமானதில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் இந்த நோயின் இயல்பைப் பாருங்கள். கோபன்ஹேகனில் 25 ஆண்டுகளாக, எந்த மருந்தும் கொடுக்காமல், 1,701 பெல் வாத நோயாளிகளைக் கவனித்து எழுதினார்கள். 71 சதவீதத்தினர் தாமாகவே முழுக்கக் குணமடைந்தார்கள். 85 சதவீதத்தினருக்கு மூன்று வாரத்துக்குள் முன்னேற்றம் தெரிந்தது. குதிரைக் கொழுப்பு தடவியிருந்தாலும் பத்தில் ஏழு பேருக்கு முகம் திரும்பியிருக்கும். 800 ஆண்டுகள் அந்தத் தூள் நிலைத்ததற்கு அந்த ஏழு பேரே போதும்.

அந்தத் தூளில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேள், பூஞ்சை தாக்கி விறைத்த பட்டுப்புழு, பாய்ஃபூசி என்ற கிழங்கு. பாய்ஃபூசி என்ற பெயரில் இரண்டு வேறு செடிகள் விற்கப்படுகின்றன. ஒன்று சேனை, கருணைக் குடும்பத்தைச் சேர்ந்தது. மற்றது வத்சநாபிக்கு உறவு; இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு உள்ளது. சர்க்கரை நோயாளியின் வீட்டில் இதை வைத்துச் சோதனை செய்யாதீர்கள்.

செங்காங் மலர்:

தூளை வாங்கிக் கொடுங்கள் என்று நான் எங்கே சொன்னேன்? வரலாற்றைச் சொன்னேன். சிங்கப்பூரில் சீன மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்தவர்கள், தேர்வு எழுதியவர்கள். தெருவோரம் எண்ணெய் விற்பவர்களைப் போல அவர்களைப் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அப்பாவைப் பார்த்த மருத்துவர் ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் அவருடைய முகத்தைத் தொட்டுப் பார்த்து, எந்தத் தசை அசைகிறது என்று குறித்து வைத்தார். கிளினிக்கில் நான்கு நிமிடம். இதையும் கணக்கில் சேருங்கள்.

வூஹானில் படித்தவன்:

எம்பிபிஎஸ் வூஹானில் படித்தேன். பயிற்சியின்போது ஆறு வாரம் அக்குபங்சர் பிரிவில் இருந்தேன். இரண்டு பேரிடமும் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு.

அங்கே இந்த நோய்க்கு 'மியன்தான்' என்று பெயர். காதுக்குப் பின்னால், புருவத்துக்கு மேல், வாயோரம், தாடைக் கோணத்தில் ஊசிகள். கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஹெகு என்ற புள்ளி. முகத்தில் என்ன குறை என்றாலும் அதை விடமாட்டார்கள். ஆனால் அதே நோயாளியின் மருந்துச் சீட்டைப் பார்த்தால் அதே வகை ஸ்டீராய்டான பிரெட்னிசோனும் வைட்டமின் பி12உம் எழுதியிருக்கும். எழுதியவரும் ஊசி வைத்தவரும் பல நேரம் ஒரே மருத்துவர். பாட்டி சொல்வதுபோல 'மாத்திரையை விட்டு ஊசிக்கு வா' என்று என் பேராசிரியர் ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. சிங்கப்பூரில் சீன மருத்துவர் ஆங்கில மருந்து எழுத முடியாது. அதனால் ஒரே நோயாளிக்கு இரண்டு வாசல் ஆகிவிட்டது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற எண்ணம் வளர்ந்துவிட்டது. சீனாவில் ஒரே கூரையின் கீழ் நடப்பதை இங்கே எதிரெதிர் கட்சியாக்கிவிட்டோம்.

ஆசிரியை அவர்களே, நீங்கள் விட்டுவிட்ட ஒன்று. 2013இல் கனடா மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு: சீனாவின் 11 மருத்துவமனைகள், 338 நோயாளிகள். எல்லோருக்கும் பிரெட்னிசோன், எல்லோருக்கும் ஊசி. ஒரு குழுவுக்கு ஊசியைச் செருகியதோடு விட்டார்கள். மற்றக் குழுவுக்கு ஊசியைச் சுழற்றி, கனமும் மரப்பும் குறுகுறுப்பும் கலந்த 'தே சீ' உணர்வு வரும்வரை தூண்டினார்கள். ஆறாம் மாதத்தில் தூண்டிய குழுவின் முகம் தெளிவாகவே மேம்பட்டிருந்தது. ஊசி வெறும் நம்பிக்கை என்றால் இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

இன்னொன்று. நீங்கள் காட்டிய ஸ்காட்லாந்து ஆய்வில் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களைச் சேர்க்கவே இல்லை. முத்துவின் மனைவிக்கு அந்த 94.4ஐ அப்படியே எடுத்துக் கொடுப்பது சரியா?

மருந்தியல் ஆசிரியை:

கடைசிக் கேள்வி நியாயமானது. நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சர்க்கரை உள்ளவருக்கு இந்த மருந்து எளிதான முடிவு இல்லை. ஆனாலும் அந்த முடிவை எடுக்க வேண்டியவர் அவருடைய சர்க்கரை அளவைக் கையில் வைத்திருக்கும் மருத்துவர். பாட்டியும் எடுக்க முடியாது, இங்கே நாமும் எடுக்க முடியாது.

2013 ஆய்வை நான் படித்திருக்கிறேன். கவனமாகச் செய்த ஆய்வுதான். ஆனால் அதில் ஊசியே வைக்காத குழு இல்லை. பலமான ஊசியா, மென்மையான ஊசியா என்பதற்கு அது பதில் சொல்கிறது. ஊசி வேண்டுமா, வேண்டாமா என்பது முத்துவின் கேள்வி. அதற்கு அதில் பதில் இல்லை. ஊசியைச் சுழற்றுகிறவருக்குத் தான் எந்தக் குழுவுக்குச் சுழற்றுகிறோம் என்பதும் தெரியும். 2010இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழுவினர் 537 பேரைக் கொண்ட ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, எந்த முடிவுக்கும் வர முடியாத அளவுக்குத் தரம் குறைவு என்றார்கள். அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட வழிகாட்டியும் ஊசிக்கு ஆதரவாகவோ எதிராகவோ எதுவும் பரிந்துரைக்கவில்லை.

வூஹானில் படித்தவன்:

'தெரியவில்லை' என்பதும் 'பயனில்லை' என்பதும் ஒன்றா? உங்கள் முதல் பதிவில் குதிரைக் கொழுப்போடு சேர்த்து எல்லாவற்றையும் தள்ளிவிட்டீர்கள். இப்போது நீங்களே சொல்வது, தெரியவில்லை என்பதைத்தான்.

மருந்தியல் ஆசிரியை:

இரண்டும் ஒன்றில்லை. ஆனால் தெரியாத ஒன்றுக்காகத் தெரிந்த ஒன்றை விடச் சொன்னார்கள். நான் எழுத வந்ததே அதனால்தான்.

ஈப்போ தேவி:

இதுவரை பேசியவர்கள் எல்லோரும் முகம் திரும்பியவர்களைப் பற்றியே பேசினீர்கள். நான் திரும்பாதவள்.

2011இல் எனக்கு வந்தது. நான் போன ஊசி வைத்தியர், "மாத்திரை குளிர்ச்சியை உள்ளே பூட்டிவிடும்" என்றார். நம்பினேன். ஐந்து நாள் கழித்துக் காதுக்குள் கொப்புளம் கண்டது. மருத்துவமனையில் பார்த்தபோதுதான் அது பெல் வாதமே இல்லை, சின்னம்மைக் கிருமி நரம்பைத் தாக்கும் வேறு நோய் என்று தெரிந்தது. அதற்கு வைரஸ் மருந்தும் சேர்த்து உடனே கொடுக்க வேண்டும். எனக்குத் தாமதமாகிவிட்டது. முத்து அண்ணன், அண்ணியின் காதுக்குள்ளும் காதுமடலிலும் கொப்புளம் இருக்கிறதா என்று தினமும் பாருங்கள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நரம்பு மறுபடி வளர்ந்தபோது வழி மாறி வளர்ந்துவிட்டது. சிரித்தால் வலக்கண் மூடுகிறது. சாப்பிடும்போது அந்தக் கண்ணில் நீர் வழிகிறது. உமிழ்நீருக்குப் போக வேண்டிய இழை கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விட்டது என்று விளக்கினார்கள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், ஏன் அழுகிறாய் என்று கேட்பார்கள். இரண்டு வருடம் ஊசியும், ஊசியில் மின்சாரம் இணைப்பதும் செய்து பார்த்தேன். இறுக்கம்தான் கூடியது. பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் கண்ணாடி முன் உட்காரவைத்து, கண்ணை அசைக்காமல் உதட்டை மட்டும் மெல்ல அசைக்கப் பழக்கினார். இறுகிய தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசியும் போட்டேன். இப்போது பந்தியில் உட்கார முடிகிறது.

சீன மருத்துவத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. வராதே, முதலில் மருத்துவமனைக்குப் போ என்று அன்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வூஹானில் படித்தவன்:

அக்கா, உங்கள் காதைப் பார்க்காமலே ஊசி எடுத்தவரை எந்தச் சீனப் பேராசிரியரும் மன்னிக்கமாட்டார். மின்சாரம் பற்றி நீங்கள் சொன்னதையும் யோசிக்க வேண்டும். முதல் வாரத்தில் முகத்தில் பலமாகத் தூண்டலாமா என்பதில் சீன மருத்துவர்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. எங்கள் பிரிவில் மூத்தவர் ஒருவர் முதல் ஏழு நாள் முகத்தைத் தொடவே மாட்டார். கையிலும் காலிலும்தான் வைப்பார். அடுத்த அறையில் இருந்தவர் முதல் நாளே முகத்தில் வைப்பார்.

செங்காங் மலர்:

நேற்று இரவு அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். "அப்போது மாத்திரை சாப்பிட்டீர்களா?" என்று கேட்டேன். "கிளினிக்கில் கொடுத்ததை ஒரு வாரம் சாப்பிட்டேன், அம்மாவுக்குத் தெரியும்" என்றார். எனக்குத் தெரியாது. ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போனது நான், அதனால் ஊசி மட்டுமே என் நினைவில் இருக்கிறது. முத்து அண்ணா, பாட்டி பேச்சைக் கேளுங்கள் என்று நான் முதலில் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் ஊசி வீண் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். அந்தப் பதினெட்டு நாளும் அப்பா வீட்டை விட்டு வெளியே வந்தார். மற்ற நாட்களில் முகத்தைத் துண்டால் மறைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே இருந்தார்.

மருந்தியல் ஆசிரியை:

கேட்டுச் சொன்னதற்கு நன்றி, மலர். துண்டைப் பற்றி எந்த ஆய்விலும் நான் படித்ததில்லை. முத்து, மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே ஊசிக்கும் போக உங்கள் மனைவி விரும்பினால் நான் தடுக்கமாட்டேன். சர்க்கரை நோயாளி என்பதை அந்த மருத்துவரிடம் சொல்லுங்கள். உட்கொள்ள எந்தத் தூளும் வேண்டாம் என்பதில் மட்டும் மாறமாட்டேன்.

ஈசூன் முத்து:

மருத்துவரிடம் பேசினேன். மாத்திரை தொடர்கிறது, இன்சுலின் சேர்த்திருக்கிறார்கள். இன்று காலை சர்க்கரை 11. காதை விளக்கு வைத்துப் பார்த்தேன், கொப்புளம் இல்லை. பாட்டியிடம் போய் வூஹான் தம்பி சொன்னதைச் சொன்னேன்: சீனாவிலேயே இரண்டும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள் என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் மாத்திரை முடியட்டும், அடுத்த வாரம் நானே கூட வருகிறேன்" என்றார். மனைவி சரி என்றிருக்கிறாள். முகத்தில் மின்சாரம் வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடப் போகிறேன். தேவி, கண்ணாடிப் பயிற்சியை எத்தனையாவது வாரத்தில் தொடங்கினீர்கள்?